சுகநித்திரை அணியின் செட்டர்

முகாம் விடுதி
ஜூன் 6

அன்புள்ள பந்துபொறுக்கிக்கு,

அக்கா எழுதுகிறேன். பட்டம் வாங்கி, வெள்ளைக் கோட்டு மாட்டி, ஊர்த் தண்ணீரையெல்லாம் பரிசோதிக்கிற பெரிய மனுஷி ஆன பிறகும் இந்தப் பெயர் உன்னை விடாது. நான் அடித்த பந்தையெல்லாம் ஓடிப்போய்ப் பொறுக்கி வந்தவள் நீதானே. அப்பாவுக்கு இருமல் நின்றதா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு தட்டைக் காயவிடுகிறாயா?

வாலிபால் அணியில் என் பெயர் வந்துவிட்டது. கேப்டன் நான்தான், அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டரும் நான்தான். செப்டம்பரில் கடல் தாண்டிப் போகிறோம். ஆனால் நாட்டின் பெயரில் இல்லை. இது கிளப்புகளுக்கான சர்வதேசப் போட்டி. அந்த அளவுக்கு ஆடுகிற கிளப் நம்மிடம் ஏது? அதனால் நாட்டு அணியை அப்படியே தூக்கி, ஒரு கம்பெனியின் பெயரை ஒட்டி, இதுதான் எங்கள் கிளப் என்று அனுப்புகிறார்கள். செலவு கம்பெனியுடையது. என்ன கம்பெனி தெரியுமா? மெத்தைக் கம்பெனி. பெயர் சுகநித்திரை. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

சட்டை வந்துவிட்டது. நெஞ்சில் ஒரு பிறை நிலா, அதன் மேல் சாய்ந்திருக்கும் தலையணை. முதுகில் எண்ணுக்கு மேலே கொட்டை எழுத்தில் சுகநித்திரை. எங்கள் அணியில் 'பல்லி' என்று ஒருத்தி உண்டு, தரையோடு ஒட்டிக்கொண்டு பந்தை எடுப்பவள். சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே நான் தரையில விழுந்தா அடி பட்டுச்சான்னு கேக்க மாட்டாங்க. தூக்கம் வந்துடுச்சான்னுதான் கேப்பாங்க." சிரிக்கவே தெரியாத கோச் சார் திரும்பி நின்று சிரித்தார்.

இதுதான் எனக்குக் கடைசிப் போட்டி. முழங்கால் இதற்கு மேல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வந்ததும் மின்வாரியத்தில் ஒரு நாற்காலியும் மேசையும் எனக்காகக் காத்திருக்கின்றன. ஒரு நல்ல செய்தியும் உண்டு. இறுதி ஆட்டத்தை டிவியில் நேரடியாகக் காட்டுவார்களாம். அப்பா என்னை ஒரு தடவைகூடப் பெரிய மைதானத்தில் பார்த்ததில்லை. அந்த ஐஸ் ஃபாக்டரி கம்ப்ரஸர் அவருக்கு ஒரு நாள் லீவு கொடுத்தால்தானே? இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார், இனி சாக்குச் சொல்ல முடியாது. இறுதி ஆட்டம்வரை நாங்கள் போய்விட வேண்டும், அவ்வளவுதான். அவர் பார்க்க வேண்டும். அதற்காகவே ஆடப்போகிறேன்.

உன்
அக்கா


வீடு
ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் இருமல் நின்றுவிட்டது, குரல்தான் நிற்கவில்லை. உன் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, காது மந்தமானவர்களுக்கே உரிய சத்தத்தில் "மெத்தையா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் நாங்கள் மெத்தை வாங்கிவிட்டோம் என்று நினைத்துப் பார்க்க வந்துவிட்டார். முழங்காலை நன்றாகப் பார்த்துக்கொள், அக்கா.

மறுநாள் காலையில் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு ஐஸ் ஃபாக்டரிக்குக் கிளம்பினார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கம்ப்ரஸர் அறை வாசலில் நின்று கையாலேயே எல்லோருக்கும் செய்தி சொன்னார். அந்த இரைச்சலில் அங்கே யார் வாயைத் திறக்கிறார்கள்? முதலில் பந்து, அப்புறம் விமானம், அப்புறம் கன்னத்தில் கைவைத்துத் தூக்கம். பழைய ஆட்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஐஸ் கேன் தூக்கும் மாமா மட்டும், "பொண்ணு ஃப்ளைட்ல தூங்கிடுச்சா?" என்று கேட்டார். கேன்டீன் ஹாலில் இருக்கும் பழைய டிவியை ரிப்பேர் செய்து, இறுதி ஆட்டத்தை எல்லோரும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவாகிவிட்டது.

வரும்போது அப்பா லோடிங் முற்றத்தைத் தாண்டித்தான் வந்தார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எவ்வளவு சின்ன இடம்! கடைசி லாரி போனதும் கோணியைப் போட்டு நீ ஈரத்தைத் துடைப்பாய். பிரித்துத் தைத்த சாக்குதான் நமக்கு நெட். ஒரு முனை தூணில், மறு முனை ஜன்னல் கம்பியில். வழுக்கிக் காலை உடைத்துக்கொள்வோம் என்று அம்மாவுக்குப் பயம். அம்மாவுக்குத்தான் சத்தமில்லாமல் நடக்கவே தெரியாதே. தெருமுனையிலேயே தகர வாளி உருளும் சத்தம் கேட்கும். கத்தினால் மாட்டிக்கொள்வோம் என்று நீ முதுகுக்குப் பின்னால் கட்டைவிரலை உள்ளே மடித்துக் கையை மூடிக் காட்டுவாய். 'அம்மா வர்றாங்க.' அவ்வளவுதான், அந்தப் பந்தைச் சட்டென்று அடித்து முடித்துவிட்டு ஓட்டம். விரித்த கை என்றால் 'தூங்கிட்டாங்க', நிதானமாக ஆடலாம். சுண்டுவிரல் மட்டும் என்றால் சாப்பாட்டு நேரத்துச் சமாசாரம். 'என் பங்கை நீ எடுத்துக்கோ.' எதிரே அப்பா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒன்றும் தெரியாது அவருக்கு.

அதையே நீ அணிக்குக் கொண்டுபோய், மூடிய கைக்கு வேகமான குட்டைப் பந்து, விரித்த கைக்கு உயரப் பந்து என்று ஆக்கியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நாட்டுக்காக ஆடுகிற ஆறு பேரும் நம் அம்மாவைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள் என்று கல்லூரியில் யாரிடமாவது சொல்ல ஆசை. சொன்னதில்லை. எனக்குத்தான் பேச்சு வராதே.

பயிற்சி எப்படிப் போகிறது? விவரமாக எழுது.

உன்
தங்கை


முகாம் விடுதி
ஜூன் 30

பொறுக்கி,

சுகமாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் அப்படியே இருக்க வேண்டும். முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

என் அறைக்கு ஒரு ஆள் வந்திருக்கிறாள். வெளிநாட்டுப் பெண். மெத்தைக் கம்பெனி கூட்டி வந்திருக்கிறது. எங்களுக்கு உதவியாக இருப்பாளாம். என்ன உயரம் என்கிறாய்! கட்டிலில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே. மெத்தைக் கம்பெனி ஆளுக்கே மெத்தை பற்றவில்லை. நெட்டை என்று பெயர் வைத்துவிட்டோம். அவளும் அதுதான் தன் பெயருக்கு நம் ஊர் உச்சரிப்பு என்று நினைத்துக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். நம் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. இதுவரை கற்றது வா, போ, ஐயோ. பல்லி சொல்கிறாள், "குடும்பம் நடத்த இது போதுமே."

விடுதி வாசலில் ஒரு மரம் இருக்கிறது. சாயந்திரமானால் அதன் கீழே உட்கார்ந்துகொள்கிறேன். காற்று நன்றாக வருகிறது. சமையலறையில் புது ஆள். உப்பு குறைவு.

கேன்டீன் டிவி, கூட்டம் எல்லாம் எதற்கு? அப்பா ரொம்பப் பேரிடம் சொல்ல வேண்டாம். ஆட்டம் என்றால் முன்னே பின்னே இருக்கும்.

அக்கா


வீடு
ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் இருவரும் நலம். சுகம் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் உன் கடிதத்தில் உன்னைத் தவிர மற்ற எல்லாரும் இருந்தார்கள்.

'ரொம்பப் பேரிடம் சொல்ல வேண்டாம்' என்ற வரியை அப்பாவுக்கு வாசிக்கவில்லை. ஏனென்றால் சொல்லுவதற்கு இனி ஆள் பாக்கி இல்லை. டிவி ரிப்பேருக்குப் போய்வந்துவிட்டது. படம் வருகிறது, கொஞ்சம் பச்சையாக. "உங்க அக்கா சட்டை நம்பர் என்ன?" என்று அப்பா தினமும் கேட்கிறார். முகம் தெரியாவிட்டாலும் எண்ணை வைத்துக் கண்டுபிடிப்பாராம்.

ஒன்று கேட்கட்டுமா? நீ முகாமிலிருந்து எழுதும்போதெல்லாம் முதல் பக்கம் முழுக்கப் பந்துதான் இருக்கும். யார் சரியாகக் குதிக்கவில்லை, யாருக்கு நீ எவ்வளவு உயரத்தில் கொடுத்தாய், கோச் சார் எதற்குக் கத்தினார். இந்தக் கடிதத்தில் மரம் இருக்கிறது, காற்று இருக்கிறது, உப்புக்கூட இருக்கிறது. பந்து இல்லை. சாயந்திரம் பயிற்சி நேரமல்லவா? அப்போது மரத்தடியில் என்ன செய்கிறாய்?

எங்கள் லேபில் கலங்கிய தண்ணீர் வந்தால் யாரும் பதறுவதில்லை. பளிச்சென்று தெளிவாக இருக்கும் பாட்டிலைத்தான் இரண்டாவது தடவை பார்க்கச் சொல்வார்கள்.

நெட்டை எந்த இடத்தில் ஆடுகிறாள்?

உன்
தங்கை


வீடு
ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அப்பா தினமும் தபால்காரருக்காக வெளியே வந்து நிற்கிறார். தனக்காக இல்லை, எனக்காக நிற்பதாகச் சொல்கிறார்.

போன வாரம் லேபில் தேநீர் இடைவேளையில் செய்தித்தாள் பார்த்தேன். விளையாட்டுப் பக்கத்தின் அடியில் உங்கள் அணியைப் பற்றி நாலு வரி. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "இன்னைக்கு பேப்பர்ல ஒண்ணும் போடலையா?" லேபுக்கு இன்று பேப்பர் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் என் கைப்பையில்தான் இருந்தது.

கிளப் போட்டி என்றால் வெளிநாட்டிலிருந்து இரண்டு பேரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறதாமே. நாட்டின் பெயரில் போயிருந்தால் அப்படி முடியாது, இல்லையா? சுகநித்திரைக்குப் புது செட்டர் வந்திருப்பதாக எழுதியிருந்தார்கள். நல்ல உயரமாம்.

நான் வேறெதுவும் கேட்கவில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வெயிலில் சுற்றாதே.

உன்
தங்கை


முகாம் விடுதி
ஆகஸ்ட் 9

பொறுக்கி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. கணுக்கால் பிசகிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் குதிக்கக் கூடாது என்கிறார்கள். அதனால் இறுதி ஆட்டத்தில் நான் இறங்குவேனோ மாட்டேனோ, தெரியாது. அப்பாவிடம் கணுக்கால் என்று சொல். அப்படியே சொல்.

இருபத்தைந்தாம் தேதி கிளம்புகிறோம். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா


வீடு
ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். கணுக்காலும் நலம் பெறட்டும்.

அப்படியே சொன்னேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய், ஃபாக்டரியில் கால் பிசகினால் எல்லோரும் தடவுகிற அந்தப் பச்சை டப்பா மருந்தை வாங்கிவந்தார். இந்தப் பார்சலில் இருப்பது அதுதான். மூன்று டப்பா. மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்.

"எந்தக் கால்?" என்று கேட்டார். நீ எழுதவில்லை. நான் இடது என்று சொல்லிவிட்டேன். எனவே தயவுசெய்து இடது காலையே நொண்டவும்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. ஆனால் ஒன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. செய்தித்தாளில் போட்டது கணுக்காலுக்கு முன்னால், அக்கா. நான் தேதிகளைப் பார்த்து வேலை செய்கிறவள்.

அப்பாவிடம் சொல்ல மாட்டேன். அவர் இன்று டிவிக்கு எதிரே தன் பெஞ்சு எங்கே போட வேண்டும் என்று கேன்டீனில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு வந்தார்.

பத்திரமாகப் போய் வா.

உன்
தங்கை


விளையாட்டு வீரர் விடுதி, வெளிநாடு
செப்டம்பர் 3

என் பொறுக்கிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். இங்கே குளிர், ஆனால் எனக்கு ஒத்துக்கொள்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தக் கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் நானே திரும்பிவிடுவேன். அதனால் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன்.

தெருவெல்லாம் அகலம், ஜனங்கள் ஒல்லி. மைதானம் என்று சொல்ல மாட்டாய், அரண்மனை. தரை மரம். ஐஸ் ஃபாக்டரி முற்றம் நினைவுக்கு வந்து, வந்த முதல் நாளே கையால் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை.

தொடக்க விழாவில் வரிசையாக நின்றோம். பக்கத்தில் டயர் கம்பெனி, அடுத்தது பால் பவுடர், அதற்கு அடுத்தது இன்ஷூரன்ஸ். டயர் அணியின் கேப்டனை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவள் நாட்டின் சட்டையில் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை நெஞ்சில் ஒரு டயர். அவள் என் தலையணையைப் பார்த்தாள், நான் அவள் டயரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போது பாட்டு போட்டார்கள். நாட்டுப் பாட்டு இல்லை, மெத்தை விளம்பரத்தில் வருமே, அந்தத் தாலாட்டு மாதிரி பாட்டு. எங்கள் பெண்ணொருத்தி பழக்கதோஷத்தில் நெஞ்சில் கைவைத்து விறைப்பாக நின்றுவிட்டாள். கை தலையணைமேல் இருந்தது. கண் கலங்கியிருந்தது. யாரும் கேலி செய்யவில்லை.

அப்பாவின் மருந்து வந்தது. பல்லி அரை டப்பாவைக் காலி செய்துவிட்டாள். எதிரணிக்காரிகள் எங்கள் பக்கம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். நல்ல ஆயுதம் என்று அப்பாவிடம் சொல்.

நெட்டைக்கு ஓய்வு நேரத்தில் நம் பேச்சைக் கற்றுக்கொடுக்கிறேன். வாயால் வரவில்லை. கையால் வருகிறது.

இறுதி ஆட்டத்தை டிவியில் காட்டுவது சந்தேகம் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்பாவை அவ்வளவு தூரம் நடக்கவிட வேண்டாம்.

அக்கா


முகாம் விடுதி
செப்டம்பர் 16

பொறுக்கி,

திரும்பிவிட்டோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. இறுதி ஆட்டம்வரை போய்த் தோற்றோம், ஐந்தாவது செட்டில். இரண்டாம் இடம். கம்பெனிக்குச் சந்தோஷம். ஆளுக்கொரு மெத்தை தருகிறார்களாம்.

எனக்கு இப்போது வீட்டுக்கு வர முடியாது. நேராக மின்வாரியத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றிருக்கிறேன். வருஷக் கடைசியில் பார்க்கலாம். டிவியில் படம் சரியாகத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் அப்பாவுக்கு எண்ணெல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். கணுக்கால் என்று சொல்லியாகிவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

அவரிடம் நான் கேட்டதாகச் சொல்.

அக்கா


வீடு
செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் நலத்துக்கு வருகிறேன், அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். படம் சரியாகத் தெரிந்தது. கொஞ்சம் பச்சையாக, ஆனால் சரியாக.

டிவியில் காட்டுவது சந்தேகம் என்று நீ எழுதியதை நான் சொன்னேன். அப்பா "போய்ப் பாத்துட்டு காட்டலைன்னா திரும்பி வருவோம்" என்று சொல்லிவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. சுண்ணாம்புக் கோட்டில் பெஞ்சு. பின்னால் மூன்று ஷிப்ட் ஆட்களும் நின்றார்கள். இறங்கின ஆறு பேரில் உன் இடத்தில் அந்த உயரமான பெண் நின்றாள். கேன் மாமா என்னைப் பார்த்துக் கேட்டார், "ஏம்மா, நம்ம பொண்ணு எங்க?"

"கால்ல அடி மாமா" என்றேன். அப்பா திரும்பவில்லை. எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

அப்போது காமிரா நம் அணிக்குப் பின்னால் போனது. நெட் பக்கத்தில் நெட்டையின் முதுகு, முதுகுக்குப் பின்னால் அவள் கை. கட்டைவிரலை உள்ளே மடித்து, மூடினாள்.

அம்மா போன பிறகு நம் வீட்டில் யாரும் அந்தக் கையைக் காட்டியதில்லை. அக்கா, நான் உன்மேல் முதல்முறையாகக் கோபப்பட்டேன். இடத்தைக் கொடுத்தாய், சரி. அதையுமா கொடுக்க வேண்டும்? ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் நீளமான விரல்களில் நம் அம்மா வந்துகொண்டிருந்தாள். குட்டைப் பந்து, பளார் என்று அடி, புள்ளி. ஹாலே கைதட்டியது. நான் தட்டவில்லை.

அடுத்த சர்வுக்கு அந்தக் கை மறுபடி மூடியது. அப்போது அப்பா, தன் வழக்கமான சத்தத்தில், "அம்மா வர்றாங்க!" என்றார்.

கேன் மாமா பதறிப்போய் வாசலைப் பார்த்தார். "யாருங்க வர்றாங்க?"

அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கை விரிந்தது. "தூங்கிட்டாங்க" என்றார். பந்து உயரமாகப் போனது. சுண்டுவிரல் நீண்டது. "என் பங்கை நீ எடுத்துக்கோ" என்றார். பந்து அவளுக்குப் பின்னால் நின்றவளுக்குப் போனது.

நான் அவர் காதருகே போய், "அப்பா, உங்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏம்மா, நாங்க கம்ப்ரஸர் ரூம்ல இவ்வளவு காலம் வாயாலயா பேசிட்டு இருந்தோம்? கையப் பாத்தே பிழைச்சவன் முன்னால கையாட்டிட்டு, அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சீங்களாக்கும்? படிச்சவ வேற."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எவ்வளவு பெரிய முட்டாள்கள் நாம்! எல்லார் கையையும் வாசிக்கிற மனிதர் எதிரே உட்கார்ந்து, தட்டுக்குப் பின்னால் ரகசியம் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். ஜன்னல் கம்பியில் நெட் கட்டினோமே, அது அவருடைய கம்ப்ரஸர் அறை ஜன்னல்.

"நீ அந்த நெட்டையையே பாக்காத. மூலையப் பாரு" என்றார்.

மாற்று ஆட்டக்காரர்கள் நிற்கும் மூலையில் நீ இருந்தாய். படத்தின் ஓரத்தில், பாதி உடம்பு. கையைத் தொடைமேல் வைத்திருந்தாய். உன் கை மூடிய பிறகுதான் நெட்டையின் கை மூடியது. உன் கை விரிந்த பிறகுதான் அவள் கை விரிந்தது. ஒவ்வொரு பந்துக்கும் முதலில் உன் பக்கம் ஒரு பார்வை, பிறகுதான் முதுகுக்குப் பின்னால் கை. ஐந்து செட்டும் அப்படித்தான். காமிரா உன்னைக் காட்டாதபோது அப்பா டிவியின் ஓரத்தைப் பார்த்துத் தலையை நீட்டினார், எட்டிப் பார்த்தால் தெரியும் என்பது போல.

இடையில் நீ ஓடிப்போய், தரையில் சிந்திய வியர்வையைத் துண்டால் துடைத்தாய். முற்றத்தில் கோணியால் துடைப்பாயே, அதே மாதிரி குந்தி உட்கார்ந்து. அப்பா என்னிடம், "எந்தக் கால்னு சொன்ன?" என்றார்.

"இடதுப்பா."

"ரெண்டு காலாலயும் நல்லா ஓடறா" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பச்சை டப்பாவைப் பற்றியும் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவராகவே பேசினார். நாம் கையை மூடுவதற்கு என்ன அர்த்தம் என்று அவர்தான் அம்மாவிடம் சொன்னாராம். முதலில் அம்மாவுக்குக் கோபம். ரெண்டு நாள் பேசவில்லையாம். "அப்புறம் ஒரு நாள் தகர வாளிய உருட்டிக்கிட்டே போறா. என்னடி இதுன்னு கேட்டேன். சத்தம் கேட்டாத்தானே பிள்ளைங்க பந்தை முடிச்சிட்டு ஓடும், பாதியில போட்டுட்டு ஓடினா வழுக்கி விழுந்துடாதான்னா."

அம்மாவுக்குச் சத்தமில்லாமல் நடக்கத் தெரியாது என்று எத்தனை தடவை சிரித்திருக்கிறோம், அக்கா.

உன் கடிதத்தை நேற்று வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை. வருஷக் கடைசி என்பதையும், எண்ணெல்லாம் ஒன்றுபோலத் தெரியும் என்பதையும் சேர்த்து வாசித்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவ ஆடினதை நான் பாத்துட்டேன்னு எழுது."

நாங்கள் இருவரும் நலம்.

உன்
தங்கை


முகாம் விடுதி
செப்டம்பர் 28

என் தங்கைக்கு,

உன் கடிதத்தை மரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். பிறகு பல்லி வந்து கூப்பிடும்வரை அங்கேயே இருந்தேன். கண்ணில் என்ன என்று கேட்டாள். அப்பாவின் மருந்து பட்டுவிட்டது என்றேன்.

நீ கோபப்பட்டது சரிதான். அதை நெட்டைக்குக் கற்றுக்கொடு என்று கோச் சார் முதலில் கேட்டபோது முடியாது என்றுதான் சொன்னேன். ஆறு பேருக்கும் அது வெறும் சைகை. எனக்கு அது வீட்டுச் சாமான். புதிதாக வேறு சைகை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் பார்த்தேன். நெட்டை கெட்டிக்காரி, என்னைவிட நல்ல கை. ஆனால் இவள் ஒன்று நினைப்பாள், குதிக்கிறவள் ஒன்று நினைப்பாள், நடுவில் பந்து யாருமில்லாத இடத்தில் போய் விழும். என் இடம் போனதைக்கூடப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சும்மா தரையில் விழுகிற பந்தைப் பார்க்க முடியவில்லை.

கற்றுக்கொடுத்தபோது, மூடிய கைக்கு என்ன அர்த்தம் என்று சாடையில் கேட்டாள். ஒரு அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வேகமாக வருவது மாதிரி நடந்து காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எழுந்து அவளும் நடந்து காட்டினாள். அவள் கையில் வாளி இல்லை, துடைப்பம். அவளுக்கும் அப்படி ஒருத்தி வந்துகொண்டிருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை.

இதையெல்லாம் அப்பாவிடமிருந்து மறைக்க எவ்வளவு பாடுபட்டேன்! பொய்யை நீயும் நானும் வாயால்தானே சொன்னோம், அதனால் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

மின்வாரியத்துக்கு ஒரு வாரம் கழித்து வருவதாக எழுதிப் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். மெத்தை லாரியில் பின்னால் வரும். அப்பா அதில் படுக்க மாட்டார், தெரியும். இருந்தாலும் போட்டுவைப்போம்.

அம்மாவின் தகர வாளி இருக்கிறதா? பரணில் தேடி எடுத்து வாசலில் வை. நான் உள்ளே வருவதற்கு முன்னால் அதை ஒரு தடவை உருட்ட வேண்டும்.

உன்
அக்கா